மக்கும் மண் போர்வையைத் தரிசில் சோதிப்பது: இந்தத் திட்டத்தில் எங்கே ஓட்டை?

#1 வரப்பு

தரமிழந்த நிலத்தில் மக்கும் மண் போர்வையைப் போட்டுப் பார்க்கும் சோதனைத் திட்டம் ஒன்றை வைக்கிறேன். தாட்சண்யம் பார்க்காமல் குறை சொல்லுங்கள்.

நிலம்: அரை ஹெக்டேர், 5 முதல் 7 சதவீதச் சரிவு. மேல்மண் அடித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சம் இருப்பது சரளை கலந்த அடிமண். மழை பெய்து காய்ந்தால் பொருக்கு தட்டுகிறது. அங்ககக் கரிமம் 0.25 சதவீதம், பரும அடர்த்தி 1.6, கார அமில நிலை 8.1, மின் கடத்துதிறன் மீட்டருக்கு 0.4 டெசிசீமன்ஸ்.

சோதிக்கப்போகும் போர்வைகள்: சதுர மீட்டருக்கு 700 கிராம் எடையுள்ள தென்னை நார் வலை, 500 கிராம் சணல் வலை, 15 மைக்ரான் தடிமனில் "மக்கும்" என்று முத்திரையிட்ட கறுப்புத் தாள்.

முறை: சரிவு வாக்கில் 60 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலத்தில் பக்கத்துப் பக்கத்தில் நான்கு பட்டைகள். மூன்றில் மூன்று போர்வை, அடியில் புல்லும் பயறு வகையும் கலந்த விதை. நான்காவது வெறும் நிலம். 12 மாதம். மாதம் ஒரு படம், மண் ஈரம், பசுமைப் பரப்பு, கடைசியில் போர்வையில் எவ்வளவு மிச்சம் என்ற எடை. எது நன்றாக வருகிறதோ அதையே பெரிய பரப்புக்கு எடுத்துக்கொள்வது.

#2 செம்புலம்

ஓட்டை பொருள் தேர்வில் இல்லை, பாத்தி அமைப்பில் இருக்கிறது.

முதலாவது, ஒரு போர்வைக்கு ஒரு பட்டைதான். ஒரு பட்டை செழித்தால் அது போர்வையின் வேலையா, அந்த இடத்து மண் ஒரு சாண் ஆழம் கூடுதலாக இருந்ததா என்று பிரிக்கவே முடியாது. ஒரே பட்டைக்குள் இருபது இடத்தில் அளந்தாலும் அது இருபது பிரதி (தனித்தனிச் சோதனை) ஆகாது. ஒரே பிரதியை இருபது முறை அளந்ததாகவே ஆகும்.

இரண்டாவது இன்னும் பெரிய பிழை. போர்வை போட்ட பட்டைகளில் விதையும் இருக்கிறது. ஒப்பீட்டுப் பட்டையில் இரண்டுமே இல்லை. பன்னிரண்டு மாதம் கழித்துத் தெரியும் வேறுபாடு விதையால் வந்ததா, போர்வையால் வந்ததா? போர்வை விரிக்கும் முன் மண்ணைக் கீறிவிடுவீர்கள், பொருக்கு உடையும். அந்தக் கீறலே பாதி வேலையைச் செய்துவிடக்கூடும். ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழித்துப் பார்க்க வழி வேண்டும். என் பரிந்துரை ஏழு வகை:

வெறும் நிலம், எதுவும் செய்யாமல். கீறல் மட்டும். கீறல், விதை. கீறல், விதை, வைக்கோல் (ஹெக்டேருக்கு 4 டன் கணக்கில்). கீறல், விதை, சணல் வலை. கீறல், விதை, நார் வலை. கீறல், நார் வலை, விதை இல்லாமல்.

பாத்தி 4 மீட்டர் அகலம், சரிவு வாக்கில் 6 மீட்டர். ஏழு பாத்தி சேர்ந்து ஒரு தொகுதி, அப்படி நான்கு தொகுதி. தொகுதிகளைச் சரிவுக்குக் குறுக்காக வையுங்கள். மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று வந்தால்தான் மேடு பள்ள வேறுபாடு தொகுதியோடு கழிந்துபோகும். தொகுதிக்குள் எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், கண்ணால் பார்த்து ஒதுக்க வேண்டாம். பாத்திகளுக்கு நடுவே 1.5 மீட்டர் இடைவெளி. ஒவ்வொரு தொகுதிக்கும் மேலே ஒரு வெட்டு வாய்க்கால், மேலிருந்து வரும் தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்ப. அது இல்லாவிட்டால் கீழ்த் தொகுதிகள் மேல் தொகுதிகளின் ஓட்டத்தைத்தான் அளந்துகொண்டிருக்கும்.

28 பாத்தி, 672 சதுர மீட்டர். நார் வலை எட்டுப் பாத்திக்கு 192 சதுர மீட்டர், மடிப்பு, பள்ளம், மாதிரித் துண்டு எல்லாம் சேர்த்து 230 வாங்குங்கள். சணல் 115. வைக்கோல் பாத்திக்கு 9.6 கிலோ.

வைக்கோலைக் கண்டிப்பாகச் சேருங்கள். அது செய்யும் வேலையையே வலையும் செய்கிறது என்றால் வலைக்குச் செலவழிக்கக் காரணமே இல்லை. வெறும் நிலத்தோடு மட்டும் ஒப்பிட்டால் எந்தப் போர்வையும் வெற்றிதான்.

#3 கரம்பை

செம்புலம் தன் பட்டியலிலிருந்து தாளை எடுத்துவிட்டது சரி. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் அதே தவற்றைச் செய்கிறார்கள். தாள் சமதளப் பாத்தியில், சொட்டுநீர்க் குழாயோடு, காய்கறிக்கு என்று வந்த பொருள். சரிவில் விரித்தால் விழும் மழை முழுவதும் வழிந்தோடும். அரிப்பைத் தடுக்கப் போட்ட பொருள், கீழ் விளிம்பில் ஓடை வெட்டிக் கொடுத்துவிடும்.

"மக்கும்" என்ற முத்திரையை நம்புவதற்கு முன் எந்தத் தரத்தின்படி என்று கேளுங்கள். ஈ.என். 13432 என்றால் அது தொழிற்சாலை உரக்கிடங்குக்கானது, சோதனை வெப்பநிலை சுமார் 58 டிகிரி. வயலில் அந்தச் சூடு கிடையாது. மண்ணில் மக்கும் மூடாக்குத் தாளுக்கான ஐரோப்பியத் தரம் 2018-ல் வந்த ஈ.என். 17033. ஆய்வகத்தில், 20 முதல் 28 டிகிரிக்குள், 24 மாதத்தில் 90 சதவீதம் கரியமில வாயுவாக மாற வேண்டும் என்கிறது. அதுவும் ஆய்வக மண்ணில், போதுமான ஈரத்தில். வருடத்தில் எட்டு மாதம் காய்ந்து கிடக்கும் அடிமண்ணுக்கு அந்தக் கெடு பொருந்தாது. "ஆக்ஸோ" என்ற முன்னொட்டு இருந்தால் தொடவே வேண்டாம். அது சாதாரண பாலிஎத்திலீன்தான், வெயிலில் பொடியாக நொறுங்கும்படி ரசாயனம் கலந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் ஆக்ஸோ பொருள்களைச் சந்தைக்குக் கொண்டுவருவதற்கே தடை.

நார் வலையிலும் ஒரு சூது உண்டு. நெய்த வலையாக இல்லாமல், நாரைப் பரப்பி இரண்டு பக்கமும் மெல்லிய வலை வைத்துத் தைத்த பாய்கள் வருகின்றன. நார் மக்கும், அந்த மெல்லிய வலையும் தையல் நூலும் பாலிபுரொப்பிலீன். நார் போன பின் வலை மட்டும் நிலத்தில் கிடந்து பாம்பு, ஓணான், பறவைக் கால்களில் சிக்கும். நூலை உருவித் தீயில் காட்டுங்கள். இயற்கை நார் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். நெகிழி உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும். (தாளுக்கு இந்தச் சோதனை உதவாது. மக்கும் பாலியெஸ்டரும் உருகத்தான் செய்யும்.)

இன்னொரு கேள்வி, இதற்குப் பதில் தெரியாமல் எதையும் வாங்காதீர்கள்: பொருக்கு ஏன் தட்டுகிறது? கார அமில நிலை 8.1 என்பதை வைத்துக் களர் (சோடியம் மிகுந்த மண்) இல்லை என்று முடிவு கட்ட முடியாது. காய்ந்த மண் கட்டி, 3 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் ஐந்தாறு எடுத்து, காய்ச்சி வடித்த நீர் உள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் மெதுவாகப் போடுங்கள். கிளறக் கூடாது. 10 நிமிடம், 2 மணி, 20 மணியில் பாருங்கள். கட்டி உடைந்து சிதறி, நீர் தெளிவாக இருந்தால் அங்ககப் பொருள் இல்லாத பலவீனம், போர்வையும் வேரும் அதைச் சரி செய்யும். கட்டியைச் சுற்றிப் பால் போல் கலங்கினால் சோடியம் களியைப் பிரிக்கிறது என்று பொருள். அந்த மண்ணுக்கு முதலில் ஜிப்சம். அதைச் செய்யாமல் போர்வையை மட்டும் விரித்தால் அடியில் மண் சேறாகி அடைத்துக்கொள்ளும், விதை அழுகும், பழி போர்வை மேல் விழும்.

#4 வரப்பு

இரண்டு பிழைகளையும் ஏற்கிறேன். தாள் நீக்கம், ஏழு வகை, நான்கு தொகுதி. கட்டிச் சோதனை: உடைந்து சிதறுகிறது, 20 மணியிலும் நீர் தெளிவு.

அடுத்து விரிக்கும் முறை. ஆப்பு எத்தனை, எந்த ஆழம்? விதை வலைக்குக் கீழேயா மேலேயா?

#5 நுண்வேர்

தோற்றுப்போன பாதிப் போர்வைகள் மக்கித் தோற்கவில்லைங்க, மண்ணைத் தொடாமல் தோற்றவை. வலைக்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் தண்ணீர் அதற்குள் புகுந்து ஓடும், மேலே பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஒரு பருவம் கழித்து வலையைத் தூக்கினால் அடியில் வாய்க்கால் வாய்க்காலாக அரித்திருக்கும். அதனால் வரிசை இதுதான்.

துருத்தி நிற்கும் கல், வேர்க்கட்டை எல்லாவற்றையும் பொறுக்குங்க. ஏற்கெனவே உள்ள சின்ன ஓடைகளை மண்ணால் நிரப்பி மிதித்து விடுங்க. பிறகு முள்கலப்பை அல்லது இரும்பு வாரியால் சரிவுக்குக் குறுக்கே 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழம் கீறல். அதற்கு மேல் ஆழம் வேண்டாம், தளர்ந்த மண் முதல் மழையிலேயே போய்விடும். கீறல் தேவைப்படும் எல்லாப் பாத்தியையும் ஒரே நாளில், ஒரே ஆள் கையால் முடிக்கணும்.

விதையைக் கீறலில் தூவி லேசாக மூடுங்க, விதைத் தடிமனைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். அதன் மேல்தான் வலை. வலைக்கு மேல் தூவினால் பாதி விதை நாரிலேயே தங்கி, முளைத்து, வேர் மண்ணைத் தொடும் முன் காய்ந்துவிடும்.

மேல் விளிம்பில் 15 சென்டிமீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் ஆழத்தில் பள்ளம். வலை நுனியை அதில் இறக்கி, 30 சென்டிமீட்டருக்கு ஒரு ஆப்பு அடித்து, மண் தள்ளி மிதிக்கணும். அங்கிருந்து கீழ்நோக்கி உருட்டி விரிக்கணும். இழுக்கக் கூடாது. இறுக்கி இழுத்த வலை பள்ளங்களின் மேல் கூடாரம் மாதிரி நிற்கும். நனைந்து காயும்போது நாரும் கொஞ்சம் சுருங்கும், அதற்கும் தளர்வு வேண்டும். பக்கத்து உருளையோடு 10 சென்டிமீட்டர் மடிப்பு. நீளவாக்கில் இரண்டு துண்டு சேர்ந்தால் மேல்துண்டு கீழ்த்துண்டின் மேல் 15 சென்டிமீட்டர் ஏறணும், ஓடு வேய்கிற முறை. மாற்றிப் போட்டால் தண்ணீர் மடிப்புக்குள் இறங்கிவிடும்.

ஆப்பு சதுர மீட்டருக்கு மூன்று, கண்ணில் தெரியும் பள்ளம் ஒவ்வொன்றிலும் கூடுதலாக ஒன்று. பிளந்த மூங்கில், 25 சென்டிமீட்டர் நீளம், தலையில் ஒரு வெட்டுக் கொக்கி. பாத்திக்குக் கிட்டத்தட்ட 90, பன்னிரண்டு வலைப் பாத்திக்கு உடைந்து போவதையும் சேர்த்து 1,100 செய்து வைங்க. சரளையில் மூங்கில் நேராக இறங்காது, முதலில் இரும்புக் கம்பியால் துளை போட்டுக்கணும். இரும்பு ஆப்பு சீக்கிரம் அடிக்கலாம்தான். ஆனால் போர்வை மக்கிய பிறகு அந்த இரும்பை யார் பொறுக்குவது?

விதை இல்லாத நார்ப் பாத்திக்கும் இதே அளவு ஆப்பு, இதே மிதி.

நார் வலையைப் பிரித்ததும் ஒரு துண்டை நறுக்கி, எடையைப் போல் பத்து மடங்கு மழைநீரில் ஒரு இரவு ஊற வைத்து அந்த நீரின் மின் கடத்துதிறனைப் பாருங்க. உப்பங்கழியில் ஊற வைத்து எடுத்த நாரில் சோடியம் தங்கியிருக்கும், முளையை அது முதல் வாரத்திலேயே சுட்டுவிடும். வெறும் மழைநீரைவிட ரொம்ப அதிகமாகக் காட்டினால் உருளையைத் தண்ணீரில் இரண்டு முறை அலசிக் காயவைத்துப் பயன்படுத்துங்க.

பயறு வகை விதைக்கு ரைசோபியம் (வேரில் தழைச்சத்தைப் பிடிக்கும் நுண்ணுயிர்) நிழலில் கலந்து அன்றே விதைக்கணும். பூஞ்சாணக்கொல்லி பூசிய விதையோடு சேர்க்காதீங்க. தடித்த ஓட்டு விதை என்றால் கொதி அடங்கிய வெந்நீரை ஊற்றி அப்படியே ஆறவிட்டு, மறுநாள் உப்பியதை மட்டும் எடுங்க.

#6 மழைமானி

அளவீட்டைப் பற்றி யாரும் தொடவில்லை. படமும் ஈரமும் மட்டும் போதாது, இழந்த மண் எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி.

அரிப்பு ஊசி (மண்ணில் அடித்து, வெளியே தெரியும் நீளம் கூடுவதைப் பார்க்கும் கம்பி) அடித்து அளக்கலாம் என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. பரும அடர்த்தி 1.6 உள்ள மண்ணில் 1 மில்லிமீட்டர் போனால் ஹெக்டேருக்கு 16 டன். ஊசியைப் படிக்கும் கைப்பிழையே 1 முதல் 2 மில்லிமீட்டர். வருடத்துக்கு 10 டன் இழக்கும் பாத்திக்கும் 3 டன் இழக்கும் பாத்திக்கும் ஊசியில் வேறுபாடே தெரியாது. கீறிவிட்ட மண் அமரும்போது ஊசி நீண்டு தெரிந்து, அரிக்காத மண்ணை அரித்ததாகவும் காட்டும். ஊசி ஓடை வெட்டுக்குச் சரி, இங்கே உதவாது.

ஓடும் தண்ணீரைப் பிடிக்கத்தான் வேண்டும். 28 பாத்தியிலும் முடியாது. கீறல் மட்டும், கீறல் விதை, வைக்கோல், நார் வலை ஆகிய நான்கு வகை, நான்கு தொகுதி, ஆக 16. பாத்தியைச் சுற்றி 30 சென்டிமீட்டர் தகடு, 15 மண்ணுக்குள், 15 வெளியே. கீழ் விளிம்பில் மூடி போட்ட தொட்டிவாய். மூடி இல்லாவிட்டால் தொட்டியில் நேராக விழும் மழையும் கணக்கில் சேர்ந்துவிடும்.

கலன் அளவை முன்னாலேயே கணக்கிடுங்கள். 50 மில்லிமீட்டர் மழை, அதில் 40 சதவீதம் ஓடினால் 20 மில்லிமீட்டர். 24 சதுர மீட்டருக்கு 480 லிட்டர். 200 லிட்டர் பீப்பாய் நிரம்பி வழிந்து, பெரிய மழையின் கணக்கு அப்படியே தொலையும். வருடத்தின் பெரும்பகுதி அரிப்பு இரண்டு மூன்று பெருமழையில்தான் நடக்கும், தொலைவதும் அதுவே. முதலில் 100 லிட்டர் கலன், அதன் வழிவாயில் ஒன்பது சமத் துளையுள்ள பிரிப்பான், ஒரு துளை மட்டும் இரண்டாவது கலனுக்கு. மிச்சம் 380 லிட்டரில் 42 லிட்டர்தான் அங்கே சேரும், ஒன்பதால் பெருக்கிக்கொள்ளலாம். பிரிப்பான் மட்டம் பிசகினால் எண் எல்லாம் பொய், மாதம் ஒருமுறை மட்டம் பாருங்கள். நாரும் வைக்கோலும் துளையை அடைக்கும், முன்னால் ஒரு கம்பி வலை வையுங்கள்.

மாதிரி எடுக்கும்போது அடி தட்டும்வரை கிளறிக்கொண்டே மூன்று முறை 500 மில்லி. கிளறி நிறுத்திவிட்டு மொண்டால் மணல் அதற்குள் அடியில் இறங்கியிருக்கும்.

மண் ஈரத்துக்குச் சென்சார் 5, 15, 30 சென்டிமீட்டரில். ஆழத்தை மண்பரப்பிலிருந்து அளக்க வேண்டும், வலையின் மேலிருந்து அல்ல. சரளையில் சென்சாரைச் சுற்றிக் காற்றிடைவெளி விழுந்தால் எப்போதும் வறட்சி என்றே காட்டும். பருவத்துக்கு மூன்று முறையாவது மண் எடுத்து 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி ஒப்பிடுங்கள்.

வலை எப்போதும் ஈரத்தைக் கூட்டும் என்று நினைக்க வேண்டாம். 700 கிராம் நார் தன் எடையைப் போல் இரண்டு மடங்கு நீரைப் பிடித்தால் சதுர மீட்டருக்கு 1.4 லிட்டர், அதாவது 1.4 மில்லிமீட்டர் மழை. அதற்குக் குறைந்த தூறல் மண்ணைத் தொடாமலே வலையிலிருந்து ஆவியாகும். பெருமழை இடத்தில் இது பொருட்டே இல்லை. தூறல் தூறலாகப் பெய்யும் வறண்ட இடத்தில் பொருட்டுதான்.

நீர் உறிஞ்சும் வேகத்துக்கு 30, 60 சென்டிமீட்டர் இரட்டை வளையம். சரளையில் வளையத்தை அடித்து இறக்கும்போது மண் விரிசல் விட்டு வேகம் பொய்யாகக் கூடும். விளிம்பைச் சுற்றி ஈரக் களிமண் பூசுங்கள். போர்வை போடும் முன் 28 பாத்தியிலும் ஒருமுறை அளந்துவிடுங்கள். அந்த முதல் எண் இல்லாமல் கடைசி எண்ணுக்கு மதிப்பு பாதிதான்.

#7 கறையான்புற்று

"கடைசியில் மிச்ச எடை" என்பதைப் பற்றி. பாத்தியிலிருந்து நேராகத் துண்டை வெட்டி எடுத்து நிறுத்தால், எடை குறைவதற்குப் பதில் கூடியிருக்கும். இடுக்கெல்லாம் மண் புகுந்திருக்கும். கழுவினால் மக்கிய நாரும் சேர்ந்து போய்விடும்.

வழி: 20 சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளை உலர்த்தி எடை போட்டு, 2 மில்லிமீட்டர் கண்ணுள்ள நைலான் பையில் வைத்து, பாதியைப் பரப்பில் ஆப்படித்தும் பாதியை 10 சென்டிமீட்டர் ஆழத்தில் புதைத்தும் விடுங்கள். 30, 90, 180, 365, 540, 730 நாளில் பாத்திக்கு ஒன்று எடுக்க வேண்டும். எடுத்ததை உலர்த்தி எடை பார்த்து, ஒரு பகுதியை 550 டிகிரி உலையில் சாம்பலாக்குங்கள். எரியாமல் நிற்பது புகுந்த மண், அதைக் கழித்தால்தான் உண்மையான மிச்சம். நாரின் சொந்தச் சாம்பலையும் புதுத் துண்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பையை எல்லாம் திரும்ப எடுக்க வேண்டும், எண்ணி எழுதி வையுங்கள்.

எடையைவிட முக்கியம் இழுவலிமை. எடை 80 சதவீதம் இருக்கும்போதே இழை தொட்டால் அறுந்துபோகும். அரிப்பைத் தாங்குவது வலிமை, எடை இல்லை. ஒவ்வொரு முறையும் பத்து இழையை உருவி, தொங்கு தராசில் கட்டி இழுத்து, அறுபடும் எடையைக் குறியுங்கள். எல்லா முறையும் ஒரே ஈரநிலையில், உலர்த்திய பின்.

சணலும் நாரும் ஒரே வேகத்தில் போகாது. தென்னை நாரில் லிக்னின் (எளிதில் மக்காத மரப்பொருள்) சுமார் 40 சதவீதத்துக்கு மேல், சணலில் 12 சதவீதத்தைச் சுற்றி. சணல் ஒன்று இரண்டு வருடம், நார் இரண்டிலிருந்து ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மண்ணின் மக்கும் திறனைத் தனியாக அளக்க 2013 முதல் புழங்கும் தேயிலைப்பை முறையும் உண்டு. பச்சைத் தேயிலைப் பையும் ரூய்பாஸ் (தென்னாப்பிரிக்கச் செடித் தேநீர்) பையும் 8 சென்டிமீட்டர் ஆழத்தில் 90 நாள். எல்லாப் பாத்தியிலும் ஒரே பொருள் என்பதால், மாறுவது மண் மட்டும்தான் என்று தெரியும்.

#8 வரப்பு

அந்த இடத்தில் கறையான் அதிகம். சணலையும் வைக்கோலையும் ஒரே பருவத்தில் தின்றுவிடும். மருந்து தெளிக்கலாமா?

#9 கறையான்புற்று

வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். பொருக்கு தட்டிய மண்ணைத் திறக்க உங்களிடம் உள்ள மிக மலிவான கருவி கறையான்தான். பர்க்கினா ஃபாசோவில் 1990-களில் நடந்த வயலாய்வுகளில், பொருக்கு தட்டிய தரிசில் வைக்கோல் பரப்பினார்கள். கறையான் வந்து தின்றது. அது போட்ட துளைகளால் நீர் இறங்கியது, செடி எழுந்தது. கறையானை மருந்தால் விலக்கிய பாத்தியில், வைக்கோல் அப்படியே கிடந்தும் அந்தப் பலன் பெரும்பாலும் வரவில்லை. அங்கே விவசாயிகள் வெட்டும் ஜாய் குழிகளும் குழிக்குள் எருவைப் போட்டுக் கறையானை வரவழைத்தே வேலை செய்கின்றன.

போர்வை கரைந்ததைத் தோல்வி என்று எழுதாமல், கரைந்த இடத்தில் சதுர மீட்டருக்கு எத்தனை துளை என்று எண்ணி எழுதுங்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளவற்றை மட்டும்.

#10 மழைமானி

இதில் எனக்கு ஒரு மறுப்பு. முதல் பெருமழைக்கு முன்னாலேயே கறையான் தின்றுவிட்டால் துளை இருந்தும் பயனில்லை, மேலே மூடாக்கு இல்லாமல் துளிகள் அடித்தே துளை வாயை மூடிவிடும். மழைக்கு எத்தனை நாள் முன் விரிப்பது என்பதுதான் இங்கே கேள்வி. சணலும் வைக்கோலும் பருவத்துக்கு இரண்டு வாரம் முன், அதற்கு மேல் வேண்டாம். மூன்று மாதம் முன்னால் விரித்துவைத்த பாத்தியைச் சோதனை என்று சொல்லக் கூடாது.

#11 கறையான்புற்று

சரி, ஒப்புக்கொள்கிறேன். நாளைக் குறிப்பது அவசியம்.

#12 செம்புலம்

இப்போது 12 மாதம் என்ற கெடுவுக்கு வருகிறேன். என் பார்வையில் முழுத் திட்டமும் இதில்தான் நிற்கிறது.

நார் வலை இரண்டு முதல் ஐந்து வருடம் தாங்கும் என்றார் கறையான்புற்று. 12-ஆம் மாதத்தில் நீங்கள் அளப்பது மண்ணை அல்ல, மண்ணின் மேல் கிடக்கும் வலையை. ஒரு கூரையின் கீழ் மண் அரிக்கவில்லை என்பது மண் குணமானதற்குச் சான்றில்லை. நிலத்தை மீட்பது என்றால், போர்வை போன பிறகு அந்த மண் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிறதா என்பதுதான் கேள்வி. அதை அளக்காத சோதனை போர்வை விற்பவருக்குத்தான் உதவும்.

மூன்று வருடம் காத்திருக்க முடியாவிட்டால் அகற்றிப் பார்க்கும் சோதனை ஒன்று செய்யலாம். 12-ஆம் மாதமும் 24-ஆம் மாதமும், ஒவ்வொரு வலைப் பாத்தியிலும் குலுக்கி எடுத்த 1 சதுர மீட்டரில் வலையை நீக்குங்கள். பக்கத்தில் 1 சதுர மீட்டர் நீக்காமல். இரண்டிலும் செயற்கை மழை: மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகம், 30 நிமிடம், ஆக 30 லிட்டர். ஓடிய நீர், அதில் மண், முதல் ஓட்டம் தொடங்கிய நிமிடம், மூன்றையும் குறியுங்கள். விதை மட்டும் போட்ட பாத்தியிலும் வெறும் பாத்தியிலும் அதே மழை. வலை நீக்கிய இடம் வெறும் பாத்தியைப் போலவே மண்ணை இழந்தால், ஒரு வருடமாக நடந்தது பாதுகாப்பு மட்டும், மீட்பு தொடங்கவே இல்லை. இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்பதுதான் உங்கள் உண்மையான விடை.

விதை இல்லாத நார்ப் பாத்தி ஏன் என்று கேட்கக்கூடும். இந்தச் சோதனைக்காகத்தான். வேர் செய்ததையும் நிழல் செய்ததையும் அதுதான் பிரித்துக் காட்டும்.

#13 நுண்வேர்

நீக்குவது என்று சொல்லிவிட்டீங்க, எப்படி நீக்கணும் என்பதையும் சொல்லணும். வலையைப் பிய்த்து இழுத்தால் கண்ணிகளுக்குள் ஏறிய தண்டும் வேரும் சேர்ந்து வரும், மண் கிளறும், சோதனை கெட்டது. செடியை 3 சென்டிமீட்டர் உயரத்தில் கத்தரித்துவிட்டு, இழை ஒவ்வொன்றையும் கத்தரியால் சின்னத் துண்டாக வெட்டிக் கையால் எடுக்கணும். மண்ணோடு ஒட்டி வேர் பிடித்த இழையை விட்டுவிடுங்க. அதே உயரத்துக்கு ஒப்பீட்டு இடத்துச் செடியையும் வெட்டணும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்க.

#14 கரம்பை

செயற்கை மழைக்கு எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கிணற்று நீரில் உப்பு இருந்தால் களி பிரியாமல் கட்டிப் பிடித்துக்கொள்ளும், மண் உண்மையைவிட நன்றாக உறிஞ்சுவதுபோல் காட்டும். சேமித்த மழைநீர் அல்லது உப்பு நீக்கிய நீர் மட்டும். பூவாளியால் ஊற்றினால் துளி விழும் உயரம் குறைவு, அடியின் வலிமையும் இயற்கை மழையைவிடக் குறைவு. பாத்திக்குப் பாத்தி ஒப்பிடலாம், ஹெக்டேருக்கு இத்தனை டன் என்று அதிலிருந்து எழுதக் கூடாது.

தழைச்சத்து பற்றியும் ஒரு வரி. வைக்கோலில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் விகிதம் 80-க்கு 1 அளவில். அதை மண்ணில் கிளறி விட்டால் நுண்ணுயிர் மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், நாற்று மஞ்சளாகும். பரப்பிலேயே கிடந்தால் தொடும் அந்த மெல்லிய அடுக்கோடு பாதிப்பு நின்றுவிடும். ஆகவே வைக்கோலின் மேல் நடக்காதீர்கள், புதைக்காதீர்கள். மஞ்சள் கண்டதும் யூரியா போடுவது சோதனையைக் கெடுக்கும். போடுவதென்றால் 28 பாத்திக்கும் ஒரே அளவு.

#15 வரப்பு

மாற்றிய திட்டம்: 7 வகை, 4 தொகுதி, 28 பாத்தி. 16 பாத்தியில் ஓட்டக் கலன். மழைக்கு இரண்டு வாரம் முன் விரிப்பு. மக்குதலை அளக்கும் பைகள் ஆறு தவணை, 730 நாள் வரை. 12, 24-ஆம் மாதங்களில் அகற்றிப் பார்க்கும் சோதனை. மருந்து இல்லை. பசுமைப் பரப்பைக் கண்மதிப்பாக எழுதாமல், 1 சதுர மீட்டர்ச் சட்டத்தை மேலிருந்து படமெடுத்து 100 புள்ளி வைத்து எண்ணுவது.

முடிவை எப்படி எடுப்பது? வலை வைக்கோலைவிட எவ்வளவு மேலாக இருந்தால் வலையைத் தேர்ந்தெடுக்கலாம்?

#16 செம்புலம்

அந்த எண்ணை நீங்களே, முதல் மழைக்கு முன், எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். உதாரணமாக, "24-ஆம் மாதம் வலை நீக்கிய இடத்தின் மண் இழப்பு, வைக்கோல் பாத்தியின் இழப்பில் பாதிக்கும் கீழே இருந்தால்தான் வலை". எண்ணைப் பார்த்த பிறகு எல்லை வரைந்தால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளைக்கலாம். நான்கு தொகுதிக்குப் பத்து சதவீத வேறுபாடெல்லாம் தெரியாது, அந்த அளவை எல்லையாக வைக்காதீர்கள்.

#17 நுண்வேர்

இரண்டு வருடக் கெடு என்பதால் இன்னொன்று. இழுவலிமையை எதோடு ஒப்பிடுவீங்க? வாங்கிய அன்றே ஒவ்வொரு உருளையிலிருந்தும் 2 சதுர மீட்டர் வெட்டி, கறுப்புப் பையில் கட்டி, ஈரமும் எலியும் அண்டாத இடத்தில் வைங்க. உருளை எண்ணை அதன் மேலும், அந்த உருளை போன பாத்தி எண்களைச் சீட்டில் எழுதி உள்ளேயும். அடுத்த உருளை வேறு நாளில் முறுக்கிய கயிறாக இருக்கும், வலிமையும் வேறாக இருக்கும்.

#18 வரப்பு

உருளை மூன்று. மூன்றிலும் வெட்டி வைக்கிறேன். ஒரு தொகுதிக்குள் வரும் நார்ப் பாத்தி இரண்டுக்கும் ஒரே உருளை போகும்படி பிரித்துக்கொள்கிறேன்.